மீட்டர் ஏறாத பேச்சு

இன்று காலை போனில் குறுஞ்செய்தி வந்தது. என் பேக் முடிய இன்னும் மூன்று நாள்தான். 28 நாளுக்கு 349 ரூபாய், தினம் 2 ஜிபி, கூடவே அன்லிமிடெட் 5ஜி. ஒரு வருஷத்துக்கு மேல் இதையேதான் போட்டு வருகிறேன். இந்த முறை போடலாமா, கீழே இறங்கிவிடலாமா என்று ஒரு மாதமாக மனதுக்குள் கணக்கு ஓடுகிறது.

நான் முப்பது வருஷத்துக்கும் மேலாக அடுத்தவர் பேச்சுக்குக் காசு வாங்கிப் பிழைத்தவள். கோவில்பட்டியில் முதலில் எஸ்.டி.டி. பூத், அப்புறம் ரீசார்ஜ் கடை. ஊராருக்கு எந்த பேக் தோதுப்படும் என்று கேட்டவுடன் சொல்லிவிடுவேன். எனக்கென்று வரும்போதுதான் தயக்கம். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், பழைய பூத்துக்குள் போய் நிற்கிறேன்.

எங்கள் ஊர் மெஸ்களில் 'அளவுச் சாப்பாடு', 'முழுச் சாப்பாடு' என்று இரண்டு விலை எழுதிப் போட்டிருப்பார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பிள்ளைகள் அளவுச் சாப்பாடு வாங்குவார்கள். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் முழுச் சாப்பாட்டுக்கு இலை போடச் சொல்வார். அவரவர் வயிறு அவரவருக்குத் தெரியும். போனுக்கும் இப்படி இரண்டு விலை இருந்த காலம் உண்டு. நடுவில் அளவுச் சாப்பாட்டுப் பலகையை எடுத்துவிட்டார்கள். அது எப்படிப் போனது என்பதைத்தான் என் கடையில் உட்கார்ந்து பார்த்தேன்.

இளம்பிள்ளை வாதத்தில் எனக்கு ஒரு கால் சூம்பிப் போனது. மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தந்து பூத் ஒதுக்கிய காலம் அது. 1993-ல் எனக்கும் ஒன்று கிடைத்தது. எட்டடிக்கு ஆறடி இடம், மஞ்சள் பலகை, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு போன், ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் சின்ன ஃபேன். பேசுகிறவர் கண்ணுக்கு நேராக, சிவப்பு எழுத்தில் எண்கள் ஓடும் மீட்டர்.

அந்த மீட்டரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எதிர்முனையில் போனை எடுத்ததும் எண் ஓட ஆரம்பிக்கும். உள்ளூர் என்றால் மெதுவாக நகரும். மும்பைக்கோ டில்லிக்கோ போட்டால் கண் சிமிட்டுவதற்குள் மாறும். தூரம் கூடக் கூட ஒரு பல்ஸுக்கான விநாடி குறையும், அதுதான் கணக்கு. 1990-களின் நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் உள்ள ஊருக்குப் பகலில் பேசினால் நிமிடத்துக்கு 30 ரூபாய்க்குப் பக்கமாக வரும். பொழுது சாய்ந்தால் கட்டணம் இறங்கும். முன்னிரவில் அரைக் கட்டணம், நடுராத்திரியை ஒட்டிக் கால் கட்டணம். அதனால் என் வியாபாரமே ராத்திரி வியாபாரம். பத்து மணிக்குமேல் வாசல் பெஞ்சில் கூட்டம் உட்கார்ந்திருக்கும். மகன் மும்பையில், புருஷன் துபாயில், அண்ணன் சூரத்தில் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தூரம்.

தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற ஓர் அம்மா மாதம் ஒரு தடவை வருவார். மும்பையில் பலகாரக் கடையில் வேலை பார்க்கும் மகனுக்குப் பேச வேண்டும். இருபது ரூபாயை நான்காக மடித்துக் கையில் வைத்திருப்பார். கூண்டுக்குள் போனதும் முகம் மீட்டர் பக்கம் திரும்பிவிடும். "சாப்பிட்டியாய்யா, காய்ச்சல் விட்டுட்டா" என்று வாய் கேட்கும். கண் எண்ணைவிட்டு அகலாது. 17, 18 என்று வரும்போது பேச்சு வேகமெடுக்கும். 19 வந்ததும், மகன் அந்தப் பக்கம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாலும், ரிசீவர் கீழே வந்துவிடும். ஒரு நாள் வெளியே வந்து சீட்டை வாங்கிக்கொண்டு, "அவன் என்னமோ சொல்ல வந்தான் தாயி" என்றார். திரும்பக் கூப்பிடக் கையில் காசில்லை. நான் போட்டுத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று போய்விட்டார். அந்த ஒரு வாக்கியம் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

பூத்தில் பேசுவது ஒரு வேலை. பேச்சுக்கு வரவழைப்பது இன்னொரு வேலை. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு என் கடை எண்தான் பி.பி. எண். கல்யாணப் பத்திரிகையிலும் வேலைக்கு எழுதிப் போடும் விண்ணப்பத்திலும் அதுதான் இருக்கும். "பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, பக்கத்துக் கடைப் பையனை வீட்டுக்கு ஓடவிடுவேன். பிறப்பும் சாவும் முதலில் என் காதுக்கு வந்துதான் அந்த வீட்டு வாசலுக்குப் போயின.

செல்போன் வந்த கதை எனக்கு வெகுநாள் செய்தித்தாள் கதைதான். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அதே சமயத்தில் சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டு நிறுவனங்கள் வந்தன. நாம் கூப்பிட்டால் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை, நமக்கு வந்தாலும் காசு. மணி அடித்தால் யார் என்று பார்த்து, எடுக்காமல் விட்டுவிட்டு பூத்துக்கு வந்து திருப்பிப் பேசியவர்கள் உண்டு. 1999-ல் சென்னைக்கு வெளியே உள்ள தமிழ்நாட்டுக்கு ஏர்செல் வந்தது. எங்கள் ஊருக்குள் டவர் எழும்பியது அதற்குப் பிறகு.

2003 மே 1 எனக்கு மறக்காத தேதி. கூப்பிடுகிறவர் மட்டும் காசு கொடுத்தால் போதும், வருகிற அழைப்பு இலவசம் என்று அன்றைக்குத்தான் முறை மாறியது. அந்த வருஷம் ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் கட்டினால் போன் என்று அறிவித்தது. மேஸ்திரி, பூக்காரம்மா, ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லோர் கையிலும் போன் ஏறியது. வந்தால் காசில்லை, கூப்பிட்டால்தான் காசு என்றதும் ஜனங்கள் தாங்களாகவே ஒரு பாஷையை உண்டாக்கினார்கள். ஒரு மிஸ்டு கால் என்றால் பஸ் ஏறிவிட்டேன். இரண்டு என்றால் நீ கூப்பிடு. மூன்று என்றால் அவசரம். வீட்டுக்கு வீடு கணக்கு மாறும், செலவு எல்லா வீட்டிலும் சுழியம்.

என் கூண்டில் கூட்டம் குறைந்தது. பூத்தை நம்பி இருந்த எங்களில் பலர் அதை ஜெராக்ஸ் கடையாக்கினார்கள், சிலர் மூடிவிட்டார்கள். நான் கண்ணாடி அலமாரியில் ரீசார்ஜ் கூப்பன்களைத் தொங்கவிட்டேன்.

கூப்பன் காலத்தை நான் அளவுச் சாப்பாட்டுக் காலம் என்பேன். சாம்பல் பூச்சை நாணயத்தால் சுரண்டி, உள்ளே இருக்கும் எண்ணை அடித்தால் பேலன்ஸ் ஏறும். எண் கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு நானே சுரண்டி அடித்துக் கொடுப்பேன். மேஜை விளிம்பெல்லாம் சாம்பல் தூள் படிந்திருக்கும். பிறகு கடைக்கென்று ஒரு தனி சிம் தந்தார்கள். அதிலிருந்தே ஏற்றிவிடலாம். "அக்கா, பத்து ரூபாய்க்கு ஈசி போடுங்க" என்பதுதான் அந்தக் காலத்தின் குரல். பத்து ரூபாய்க்கு வரி போக ஏழு ரூபாய்ச் சொச்சம் ஏறும். கூலி வாங்கிய சனிக்கிழமை சாயங்காலம் ஐம்பது பேருக்காவது பத்து பத்தாக ஏற்றியிருப்பேன். எனக்குக் கமிஷன் சில்லறைதான். ஆனால் கடைவாசல் நிறைந்திருக்கும்.

கட்டணமும் வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே வந்தது. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். இந்தியாவுக்குள் எங்கே பேசினாலும் நிமிடம் ஒரு ரூபாய் என்ற திட்டம் கொண்டுவந்தது. முப்பது ரூபாய் மும்பை, ஒரு ரூபாய் மும்பையானது. 2009-ல் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்று வந்தது. அதற்கு முன்பு 61 விநாடி பேசினால் இரண்டு நிமிடக் காசு போகும். இப்போது பேசிய விநாடிக்கு மட்டும் காசு. மற்ற நிறுவனங்களும் வேறு வழியின்றி அதே வழிக்கு வந்தன. எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் ஏழைக்குக் கிடைத்த மிக நேர்மையான அளவு அந்த ஒரு பைசாதான்.

கூடவே சின்னச் சின்ன கார்டுகள் வந்தன. பேச்சுக்கு ரேட் கட்டர், காலேஜ் பிள்ளைகளுக்கு எஸ்.எம்.எஸ். கார்டு. தீபாவளி, பொங்கல், புத்தாண்டு நாளில் மட்டும் எஸ்.எம்.எஸ். சலுகை செல்லாது, வாழ்த்து ஒவ்வொன்றுக்கும் காசு போகும். அதனால் பிள்ளைகள் முந்தின நாள் ராத்திரியே அனுப்பி முடித்துவிடுவார்கள். எது எந்த கார்டு என்று ஜனங்கள் குழம்புகிறார்கள் என்பதால், 2012-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிறம் வகுத்தது. திட்டத்துக்கு சிவப்புப் பட்டை, டாப்-அப்புக்குப் பச்சை, சலுகை கார்டுக்கு மஞ்சள். படிக்கத் தெரியாத பாட்டியும் "அந்தப் பச்சையைக் குடு" என்று கேட்டு வாங்கிய காலம் அது.

'அன்லிமிடெட்' என்ற சொல்லை நான் முதலில் விற்றது பேச்சுக்கு அல்ல, நெட்டுக்கு. ஏர்செல்லின் பாக்கெட் இன்டர்நெட் அது. 98 ரூபாய் போட்டால் 30 நாளுக்கு அளவில்லாத நெட். அது முடியாதவர்களுக்கு 14 ரூபாயில் மூன்று நாள். வேகம் ஆமை வேகம்தான். ஒரு படம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். ஆனாலும் இன்ஜினியரிங் பையன்கள் அந்த நோக்கியா போனிலேயே கேம்பஸ் இன்டர்வியூ கேள்விகளைத் தேடிப் படித்தார்கள். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் 14 ரூபாய் கார்டு அத்தனையும் மதியத்துக்குள் ஏறிவிடும். முழுச் சாப்பாடும் அளவுச் சாப்பாடும் ஒரே கடையில், ஒரே நாளில் விற்ற காலம் என்று இதைத்தான் சொல்வேன். வேண்டியவர் 98, முடிந்தவர் 14, ஒன்றுமே வேண்டாதவர் பத்து ரூபாய் டாப்-அப். யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

2016 செப்டம்பர் 5. ஜியோ வந்தது. பேச்சு இலவசம், டேட்டா இலவசம், முதலில் டிசம்பர் வரை, பிறகு 2017 மார்ச் வரை. அதுவரை ஒரு ஜிபி டேட்டா 250 ரூபாய்க்குப் பக்கம் விற்றுக்கொண்டிருந்தேன். ஆதார் அட்டையும் கட்டை விரலுமாக ஜனங்கள் சிம் வாங்க வரிசையில் நின்றார்கள். காசு வாங்க ஆரம்பித்தபோது திட்டம் வேறு மாதிரி இருந்தது. நிமிடக் கணக்கு இல்லை, விநாடிக் கணக்கு இல்லை. 28 நாளுக்கு ஒரு தொகை. அதற்குள் பேச்சு எவ்வளவு வேண்டுமானாலும், டேட்டா தினம் ஒரு ஜிபி. சில மாதங்களில் எல்லா நிறுவனமும் இதே பொட்டலத்தைக் கட்டத் தொடங்கின.

இதில் நல்லது நடந்தது, பெரிய நல்லது. மீட்டர் செத்துப்போனது. மாமியாரும் மருமகளும் ஒரு மணி நேரம் பேசினார்கள். துபாயில் இருக்கும் அப்பா தன் குழந்தை குப்புற விழுவதை வீடியோவில் பார்த்தார். காது கேளாத ஒரு பையன் என் கடைவாசலில் நின்று நண்பனோடு சைகையில் வீடியோ கால் பேசியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எஸ்.டி.டி. பூத்தில் அவனுக்கு ஒரு நாளும் வேலை இருந்ததில்லை. டேட்டா மலிவானதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் குறை பொட்டலத்தில்தான். பேச்சும் டேட்டாவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. பேச்சு மட்டும் போதும் என்றவரும் டேட்டாவுக்குச் சேர்த்துக் காசு கட்ட வேண்டியதானது. இதற்கிடையில் நிறுவனங்களின் எண்ணிக்கையும் சுருங்கியது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க ஏர்செல் சிக்னல் நின்றது. வேறு நிறுவனத்துக்கு மாறும் குறியீட்டுக்காக ஜனங்கள் அலைந்தார்கள். மாதக் கடைசியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 98 ரூபாய்க்கு எங்கள் பிள்ளைகளுக்கு நெட் காட்டிய பெயர் அப்படி முடிந்தது.

அதே வருஷக் கடைசியில் இன்னொன்று வந்தது. முன்பு லைஃப்டைம் சிம் என்று ஒரு தடவை காசு கட்டி வாங்கியவர்களுக்கு, கூப்பிடக் காசு இல்லாவிட்டாலும் வருகிற அழைப்பு வந்துகொண்டிருந்தது. இனி மாதம் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் இணைப்பு உயிரோடு இருக்கும் என்றார்கள். அந்த 35, விலையேற்றம் ஒவ்வொன்றிலும் ஏறி ஏறி, 2024 ஜூலையில் 28 நாளுக்கு 200 ரூபாயை ஒட்டி வந்து நின்றது. அந்த ஜூலையில் எங்கள் ஊரிலும் பலர் கட்டணம் உயர்த்தாத பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறினார்கள்.

28 நாள் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மாதத்துக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு 12 ரீசார்ஜ். 28 நாளுக்கு ஒன்று என்றால் 13. அந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜை என் வாடிக்கையாளர்கள் கவனித்ததே இல்லை. நானும் வெகுநாள் கவனிக்கவில்லை. 2022 ஜனவரியில்தான் ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது.

என் அம்மாவுக்கு வயது 79. கையில் பட்டன் போன். பச்சைப் பட்டனும் சிவப்புப் பட்டனும் தவிர எதையும் தொடமாட்டார். அந்த போனுக்கு 28 நாளைக்கு ஒரு தடவை 199 ரூபாய் போட்டு வந்தேன். அதில் 2 ஜிபி டேட்டா உண்டு. ஒரு சொட்டுகூடச் செலவாகாமல் ஒவ்வொரு மாதமும் காலாவதியாகும். அவரைப் போல எத்தனையோ பேர் என் கடைக்கு வந்து, "எனக்கு நெட்டு எதுக்கும்மா, பேச்சு மட்டும் போடு" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை பாட்டி என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது. பத்து ரூபாய்க்கு ஏற்றிக்கொண்டிருந்த கையால் இருநூறு ரூபாய் வாங்கி வேண்டாததைக் கட்டிக் கொடுத்தேன். வேறு வழியில்லை என்பது உண்மை. வாங்கியது நான் என்பதும் உண்மை.

2024 டிசம்பர் 23 அன்று அந்தக் கயிறு கொஞ்சம் அவிழ்ந்தது. டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான சலுகை வவுச்சரை ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று டிராய் விதி செய்தது. 90 நாளாக இருந்த அதன் செல்லுபடிக் கால உச்ச வரம்பை 365 நாளாக நீட்டியது. கூப்பனே இல்லாத காலத்தில் எதற்கு என்று அந்த நிறப் பட்டைகளையும் நீக்கிவிட்டது. அடுத்த மாதமே பேச்சு மட்டும் உள்ள திட்டங்கள் வந்தன. அம்மாவுக்கு 469 ரூபாய்க்கு 84 நாள் போட்டேன். முன்பு மூன்று தடவை 199 என்றால் 597. ஏறக்குறைய 130 ரூபாய் மிச்சம். தொகை பெரிதில்லை. ஆனால் தனக்கு வேண்டியதை மட்டும் வாங்கும் மரியாதை ஒன்று உண்டே, அது பாட்டிகளுக்குத் திரும்பக் கிடைத்தது. ஒரே தடவையில் 469 எடுத்து வைக்க முடியாதவர்களுக்கு இது இன்னும் எட்டாத விலைதான். பத்து ரூபாய்க் காலத்தை இது திருப்பித் தராது.

இனி என் 349-க்கு வருகிறேன். போன பேக்கின் 28 நாளும் ராத்திரி கடை அடைக்கும்போது போனில் அன்றைய டேட்டாக் கணக்கைப் பார்த்துப் பழைய பூத் நோட்டில் எழுதினேன். மொத்தம் 13 ஜிபி. நான் காசு கொடுத்தது 56 ஜிபிக்கு. அதிகம் போன நாள் 1.7 ஜிபி, சித்தப்பா பேத்தி சடங்கை வீடியோ காலில் முழுக்கப் பார்த்த நாள். கடையிலும் வீட்டிலும் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. அந்த 13-லும் பாதிக்குமேல், வைஃபை போட மறந்து போனது. கீழே இறங்கினால் அன்லிமிடெட் 5ஜி போய்விடும். அதை நான் எவ்வளவு தொட்டேன் என்று நோட்டிலேயே இருக்கிறது.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் கை ஏன் தயங்கியது? டேட்டா தீர்ந்துவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. மறுபடி மீட்டரைப் பார்த்துக்கொண்டு வாழ வேண்டுமோ என்ற பயம். அன்லிமிடெட் என்று நான் பிடித்துக்கொண்டிருந்தது டேட்டாவை அல்ல, அந்த அம்மா கேட்காமல் விட்ட வாக்கியத்தை. அது பேச்சு சம்பந்தப்பட்டது. பேச்சுக்கு அளவு இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த பேக்கிலும் அதை விடமாட்டேன். டேட்டா அப்படியில்லை. அது அரிசி மாதிரி, வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று அளந்து வாங்கலாம். 84 நாளுக்கு அளவில்லாப் பேச்சும், மொத்தமாகச் சில ஜிபியும் தருகிற சின்ன பேக் போதும். வருஷக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ பாதி மிச்சமாகும். மூன்று நாள் கழித்து அதைத்தான் போடப்போகிறேன். கேட்கிறவர்களுக்கும், முதலில் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், அப்புறம் போடலாம் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி மும்பையிலிருந்து தம்பி அம்மாவுக்குப் போன் பண்ணினான். பேரனுக்குப் பல் முளைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்திருப்பான் போல. மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. அம்மா பழக்கதோஷத்தில், "சரிய்யா, வைக்கட்டா, துட்டு ஏறுதுல்லா" என்றார்.

"ஏறாதும்மா," என்றேன். "அவன் என்னமோ சொல்ல வாரான், கேளு."

அம்மா சுவரில் ஓர் இடத்தைப் பார்த்தார். பிறகு போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.